மெத்தட் அழைப்பை ஆப்ஜெக்டாக எடுத்து வைப்பது: குளோஷரா, மெசேஜா, கமாண்டா?

வட்டம்.நகர்த்து(10, 5) என்று எழுதினால் அந்த நொடியே வட்டம் நகர்ந்துவிடும். பல இடங்களில் அப்படி உடனே ஓடுவது நமக்கு உதவாது. அழைப்பை இப்போது எடுத்து வைத்துப் பிறகு ஓட்ட வேண்டியிருக்கும். ஓடியதைக் குறித்து வைத்துப் பின்னால் திரும்பப் பெற வேண்டியிருக்கும். சில நேரம் வேறொரு இயந்திரத்துக்கு அனுப்பி அங்கே ஓட்ட வேண்டியிருக்கும். அன்டூ, பின்னணி வேலைகளுக்கான க்யூ, மேக்ரோ, ஈவென்ட் அறிவிப்பு, தொலை அழைப்பு எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்த ஒரே தேவைதான்.

இதை எந்த வடிவில் வைப்பது என்று கேட்டு எழுதுபவர்கள் பெரும்பாலும் இரண்டு முனைகளில் நிற்கிறார்கள். "லாம்ப்டாவே (பெயரில்லாத சிறு ஃபங்ஷன்) போதுமே, எதற்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளாஸ்?" என்பது ஒன்று. "மெத்தட் பெயரை ஸ்ட்ரிங்காக வைத்தால் எல்லாவற்றுக்கும் ஒரே கிளாஸில் முடித்துவிடலாமே" என்பது இன்னொன்று. இரண்டுமே சில இடங்களில் சரி. எந்த இடத்தில் என்பதை இரண்டு கேள்விகளே தீர்மானிக்கின்றன என்பது என் கருத்து: அந்த அழைப்புக்குள் யாராவது எட்டிப் பார்க்க வேண்டுமா? அது எவ்வளவு காலம் உயிரோடு இருக்கப் போகிறது?

## எதை வைத்து அளப்பது

உள்ளே தெரிகிறதா. எந்த ஆப்ஜெக்ட், எந்த மெத்தட், என்னென்ன ஆர்குமென்ட் என்று ஓட்டாமலேயே படிக்க முடிய வேண்டுமா? லாக் எழுதவும், இரண்டு அழைப்புகளை ஒன்றாக்கவும், அனுமதி சரிபார்க்கவும் இது தேவை.

ஆயுள். இதே ப்ராசஸுக்குள் சில நொடிகளா, அல்லது டேட்டாபேஸில் உட்கார்ந்து நாளைக்கு, புதிய கோட் வெளியான பிறகு ஓட வேண்டியதா?

பெயர் எப்போது மெத்தடாக மாறுகிறது. எடுத்து வைக்கும்போதே குறிப்பிட்ட மெத்தடோடு கட்டிவிடுகிறோமா, ஓடும்போதுதான் தேடுகிறோமா? பலர் கவனிக்காத அளவுகோல் இது. பின்னால் வரும் பாதிச் சிக்கல்கள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

பிழை எங்கே வெளிப்படும். எழுத்துப்பிழை எழுதும்போதே தெரியுமா, க்யூவில் ஓடும்போது தெரியுமா? எடிட்டரில் மறுபெயர் வைத்தால் இதுவும் சேர்ந்து மாறுமா?

எதைப் பிடித்து வைத்திருக்கிறது. எடுத்து வைத்த அழைப்பு தன் ரிசீவரையும் (மெத்தட் எந்த ஆப்ஜெக்டில் ஓடுகிறதோ அதை) ஆர்குமென்ட்களையும் நினைவகத்தில் விடாமல் வைத்திருக்கும்.

வேகத்தைக் கடைசியில் வைக்கிறேன். நொடிக்கு லட்சக்கணக்கில் ஓடும் உள் வளையத்தில் மட்டும்தான் அது முடிவை மாற்றும்.

## குளோஷர்

குளோஷர் என்பது சுற்றியுள்ள மாறிகளையும் சேர்த்துப் பிடித்து வைக்கும் ஃபங்ஷன். எழுத எளிது. "வட்டத்தை 10, 5 நகர்த்து" என்பதை ஒரு லாம்ப்டாவுக்குள் போட்டுவிட்டால் முடிந்தது. மெத்தட் பெயர் கோடில் பெயராகவே இருப்பதால் எடிட்டருக்குத் தெரியும், மறுபெயரிட்டால் மாறும், டைப் உள்ள மொழிகளில் கம்பைலரே சரிபார்க்கும். ஒரே அழைப்புக்குள் இரண்டு மூன்று வரி வேலையையும் அடக்கிக்கொள்ளலாம். ஜாவாவில் 2014-ல் வந்த 8-ஆம் பதிப்புக்கு முன் இதற்கே பெயரில்லாக் கிளாஸ் ஒன்றை ஐந்தாறு வரியில் எழுத வேண்டியிருந்தது. லாம்ப்டா வந்தபின் எளிய கமாண்ட் கிளாஸ்கள் பலவற்றுக்குத் தேவையே இல்லாமல் போனது.

விலை என்னவென்றால், உள்ளே ஒன்றும் தெரியாது. லாகில் எழுதினால் பெயரில்லாத ஃபங்ஷன் என்று வரும். பைத்தானில் லாம்ப்டாவை பிக்கிள் செய்ய, அதாவது சேமிக்கத்தக்க பைட்டுகளாக மாற்ற, முடியாது. ரூபியில் லாம்ப்டாவுக்கு இணையான ப்ராக் ஆப்ஜெக்டையும் அதேபோல் மார்ஷல் செய்ய முடியாது. ஒரே மாதிரி எழுதிய இரண்டு லாம்ப்டாக்கள் சமம் என்று எந்த ஒப்பீடும் சொல்லாது. அதனால் ஈவென்டுக்குப் பதிவுசெய்த லாம்ப்டாவைப் பின்னால் நீக்க வேண்டுமென்றால், அதே ஆப்ஜெக்டைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, குளோஷர் சுற்றியுள்ள மாறிகளைப் பிடித்துக்கொள்ளும். பைத்தானில் லூப்புக்குள் லாம்ப்டா எழுதினால், அது பிடிப்பது மாறியை. அந்தச் சுற்றில் மாறிக்கு இருந்த மதிப்பை அல்ல. லூப் முடிந்தபின் ஓட்டினால் எல்லா லாம்ப்டாவும் கடைசி மதிப்பையே காட்டும். உடனே ஓடும் அழைப்பில் இது வெளியே தெரியாது. எடுத்து வைக்கும் அழைப்பில்தான் வந்து நிற்கும்.

இத்தனைக்கும் பிறகும், எட்டிப் பார்க்கும் தேவை இல்லை, ஆயுள் குறைவு என்றால் குளோஷரைத் தாண்டி யோசிக்க வேண்டியதில்லை. பட்டன் கிளிக், நேரம் கழித்து ஓடும் டைமர், ஒருமுறை மறுமுயற்சி செய்யும் கோட் எல்லாம் இதில் அடங்கும்.

## கட்டிய மெத்தட்

பைத்தானில் அடைப்புக்குறி போடாமல் வட்டம்.நகர்த்து என்று மட்டும் எழுதினால் கிடைப்பது. ரூபியில் மெத்தட் என்ற மெத்தடைக் கேட்டால் வருவது. சி ஷார்ப்பில் டெலிகேட். ரிசீவரும் மெத்தடும் சேர்ந்த ஜோடி. குளோஷரைவிட ஒரு படி தெளிவு: எந்த ஆப்ஜெக்ட், எந்த மெத்தட் என்று கேட்டால் சொல்லும். சமத்துவமும் உண்டு. ஒரே ஆப்ஜெக்டிலிருந்து இரண்டு முறை எடுத்த கட்டிய மெத்தட்கள் பைத்தானில் சமமாகவே கருதப்படும். சி ஷார்ப்பில் ஈவென்டிலிருந்து ஹேண்ட்லரை நீக்க முடிவதும் இதனால்தான். ஜாவாஸ்கிரிப்டில் இந்த வசதி கிடையாது. மெத்தடை ஆப்ஜெக்டோடு கட்டும் பைண்ட் ஒவ்வொரு முறையும் புது ஃபங்ஷனைத் தருவதால், நீக்கும் வரியில் மறுபடி பைண்ட் எழுதினால் எதுவும் நீங்காது, எரரும் வராது.

மறைந்திருக்கும் விலை இரண்டு. முதலாவது, எடுக்கும்போதே மெத்தட் கட்டப்பட்டுவிடுகிறது. எடுத்த பிறகு கிளாஸில் அந்த மெத்தடை மாற்றி எழுதினாலும் ரூபியின் மெத்தட் ஆப்ஜெக்ட் பழையதைத்தான் ஓட்டும். பைத்தானிலும் அப்படியே. டெஸ்டில் மெத்தடை மாற்றி வைத்துச் சோதிப்பவர்கள் "மாற்றினேனே, ஏன் பழையது ஓடுகிறது?" என்று நிற்கும் இடம் இது.

இரண்டாவது நினைவகம். அறிவிப்புப் பட்டியலில் கட்டிய மெத்தட் இருக்கும்வரை அதன் ஆப்ஜெக்டும் போகாது. மூடிய விண்டோக்கள் நினைவகத்திலேயே தங்கிவிடுவதற்கு இது ஒரு வழக்கமான காரணம். சரி, பலவீன ரெஃபரன்ஸ் (ஆப்ஜெக்டை நினைவகத்தில் பிடித்து வைக்காத சுட்டு) வைக்கலாம் என்றால் பைத்தானில் அங்கேயும் ஒரு கண்ணி உண்டு: கட்டிய மெத்தட் கேட்கும்போதெல்லாம் புதிதாக உருவாகும் ஆப்ஜெக்ட் என்பதால், அதற்கு வைத்த பலவீன ரெஃபரன்ஸ் உடனே செத்துவிடும். இதற்காகவே 3.4 பதிப்பில் வீக்மெத்தட் என்ற தனி கிளாஸ் சேர்க்கப்பட்டது.

## மெசேஜ் ஆப்ஜெக்ட்

இங்கே அழைப்பை அதன் உறுப்புகளாகவே வைக்கிறோம்: ரிசீவர், மெத்தடின் பெயர், ஆர்குமென்ட் பட்டியல். ஓட்டும்போது பெயரை வைத்து மெத்தடைத் தேடி அழைக்கிறோம். ஸ்மால்டாக் மரபில் இது மொழியின் அடித்தளத்திலேயே இருக்கிறது. இயல்பான அழைப்புக்கு அங்கும் ஆப்ஜெக்ட் உருவாவதில்லை. ரிசீவருக்குத் தெரியாத மெத்தடை அழைக்கும்போதுதான் பெயரும் ஆர்குமென்டும் அடங்கிய மெசேஜ் ஆப்ஜெக்ட் ஒன்று உருவாகி, "எனக்குப் புரியவில்லை" என்ற சிறப்பு மெத்தடுக்குப் போய்ச் சேர்கிறது. ஆப்ஜெக்டிவ்-சியின் என்எஸ்இன்வொக்கேஷன் என்ற அழைப்பு ஆப்ஜெக்ட் இதே மரபில் வந்தது. ஜாவாவில் 1.1 பதிப்பிலிருந்து இருக்கும் ரிஃப்ளெக்ஷனை (ஓடும்போது மெத்தடைப் பெயரால் தேடி அழைக்கும் வசதியை) வைத்து நாமே கட்டிக்கொள்ளலாம்.

இதன் பெரும் பலம், தரவுபோல் கையாளலாம் என்பது. லாகில் அச்சிடலாம், ஒப்பிடலாம், வடிகட்டலாம், ரிசீவரை மாற்றி வேறொரு ஆப்ஜெக்டில் ஓட்டலாம். ரிசீவரை உள்ளே வைப்பதா வெளியே விடுவதா என்பதை இங்கே தெரிந்தே முடிவுசெய்ய வேண்டும். ஃபேரோ ஸ்மால்டாக் இரண்டுக்கும் தனித்தனி கிளாஸ் வைத்திருக்கிறது: மெசேஜில் ரிசீவர் கிடையாது, மெசேஜ்சென்ட்டில் உண்டு. பைத்தானின் மெத்தட்காலரும் பெயரையும் ஆர்குமென்ட்டையும் மட்டும் வைத்துக்கொண்டு ரிசீவரை ஓடும்போது கேட்கிறது. மேக்ரோவுக்கு இதுதான் சரி: பதிவுசெய்தது ஒரு வட்டத்தில், ஓட்டுவது தேர்ந்தெடுத்த எல்லா உருவங்களிலும்.

இனி விலைகள். இவற்றை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

பெயர் வெறும் ஸ்ட்ரிங் என்பதால் எடிட்டருக்கும் கம்பைலருக்கும் கண் தெரியாது. மறுபெயரிட்டால் இது மட்டும் பழைய பெயரோடு தங்கிவிடும். மெசேஜை உருவாக்கும் இடத்திலேயே "இந்த ரிசீவருக்கு இந்த மெத்தட் உண்டா?" என்று சோதித்துவிடுவது பாதி மருந்து. பிழை க்யூவில் வெடிக்காமல், எழுதிய இடத்தின் ஸ்டாக் டிரேஸோடு கிடைக்கும்.

ஆர்குமென்ட் பட்டியல் என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். உண்மையில் அழைப்பு அவ்வளவு எளிமையானதல்ல. ரூபியில் பெயரிட்ட ஆர்குமென்ட்கள் 3.0 முதல் தனியாகவே பிரிந்துவிட்டன. பழைய பட்டியலை மட்டும் வைக்கும் மெசேஜ் கிளாஸ் அங்கே உடையும். அழைப்போடு கொடுக்கும் பிளாக் என்ற கோட் துண்டும் உண்டு, அதைச் சீரியலைஸ் செய்யவும் (சேமிக்கத்தக்க வடிவுக்கு மாற்றவும்) முடியாது. ஜாவாவில் ஒரே பெயரில் பல மெத்தட்கள் இருக்கலாம் என்பதால் பெயர் மட்டும் போதாது, டைப்களையும் வைக்க வேண்டும். ரிஃப்ளெக்ஷன் வழியே ஓடும் மெத்தட் எறிந்த எக்ஸெப்ஷன் நேராக வராமல் இன்னொரு எக்ஸெப்ஷனுக்குள் பொதிந்து வரும். பிரித்தெடுக்க மறந்தால் மேலே இருக்கும் கேட்ச் பிளாக் எதையும் அடையாளம் காணாது.

பாதுகாப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெயர் வெளியிலிருந்து வருகிறது என்றால் இது அபாயமான வழி. பெயரைக் கொடுத்தால் மெத்தடை அழைக்கும் ரூபியின் சென்ட், பிரைவேட் மெத்தடையும் அழைக்கும். ஷெல் கட்டளையை ஓட்டும் சிஸ்டம் என்ற மெத்தட் ஏறக்குறைய எல்லா ஆப்ஜெக்டிலும் பிரைவேட்டாக இருக்கிறது. பயனரின் கோரிக்கையிலிருந்து வந்த பெயரைச் சரிபார்க்காமல் சென்ட்டுக்குக் கொடுத்தால் சர்வரின் கதவைத் திறந்து வைத்ததுதான். பப்ளிக்_சென்ட் கொஞ்சம் காக்கும். அனுமதித்த பெயர்களின் பட்டியல்தான் உண்மையான காப்பு. தவிர்க்க முடியுமானால் வெளியிலிருந்து வரும் பெயரை மெத்தட் பெயராகவே பயன்படுத்தாதீர்கள்.

## கமாண்ட் கிளாஸ்

ஒவ்வொரு செயலுக்கும் ஒரு கிளாஸ்: நகர்த்தும் கமாண்ட், நிறம் மாற்றும் கமாண்ட், அழிக்கும் கமாண்ட். எல்லாவற்றிலும் ஓட்டு, திரும்பப்பெறு என்ற மெத்தட்கள். எழுத வேண்டிய வரிகள் அதிகம், ஃபைல்களும் அதிகம். இதைப் பார்த்துத்தான் பலர் பின்வாங்குகிறார்கள். எங்கே இந்த உழைப்பு பலன் தருகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் காட்டுகிறேன்.

வரையும் செயலியில் பயனர் வட்டத்தை மவுஸால் இழுக்கிறார். ஒரே இழுப்பில் நூற்றுக்கணக்கான நகர்த்து அழைப்புகள் வருகின்றன. அன்டூ அழுத்தினால் வட்டம் ஒரே அடியில் பழைய இடத்துக்குப் போக வேண்டும். அங்குலம் அங்குலமாகப் பின்வாங்கக் கூடாது. குளோஷரில் வைத்திருந்தால் வழியே இல்லை, இரண்டு குளோஷர்களை ஒன்றாக்க முடியாது. மெசேஜ் ஆப்ஜெக்டில் முடியும்: ரிசீவர் ஒன்று, பெயர் ஒன்று என்றால் ஆர்குமென்ட்களைக் கூட்டி ஒன்றாக்கலாம். ஆனால் அந்தக் கூட்டலை எங்கே எழுதுவது? அன்டூ பட்டியலைக் கவனிக்கும் கோடில், "பெயர் நகர்த்து என்றால் கூட்டு" என்று. அடுத்து நிறம் மாற்றம் வரும்: அதைக் கூட்ட முடியாது, கடைசி நிறத்தை வைத்துக்கொண்டு முதல் அழைப்புக்கு முந்தைய நிறத்தையும் காக்க வேண்டும். அடுத்து அழித்தல்: அதற்கு எதிர்ச்செயல் செய்ய அழிந்த உருவத்தையே வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நிபந்தனை என்று பட்டியல் நீளும். அந்த நிபந்தனைகள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கிளாஸ் கேட்கின்றன. சேர்ந்துகொள் என்ற மெத்தடோடு நகர்த்தும் கமாண்ட் எழுதினால் அந்த அறிவு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும்.

என் நிலைப்பாடு இதுதான்: மெத்தட் பெயரைப் பார்த்துக் கிளை பிரியும் கோடை மூன்றாவது முறை எழுதும்போது கமாண்ட் கிளாஸுக்கு மாறிவிடுங்கள்.

நீண்ட ஆயுளுக்கும் இதுவே ஏற்றது. க்யூவில் உட்கார்ந்திருக்கும் வேலை, அதை எழுதிய கோடைவிட அதிக நாள் வாழும். ரூபி உலகில் டிலேய்ட் ஜாப் நூலகம் எந்த மெத்தட் அழைப்பையும் க்யூவில் போடும் வசதியைத் தந்தது. உள்ளே ரிசீவர், பெயர், ஆர்குமென்ட் மூன்றையும் யாமல் என்ற உரை வடிவில் எழுதி வைத்தது. இதே வேலைக்கான சைட்கிக் நூலகமும் அப்படியொரு வசதியை வைத்திருந்து, 5-ஆம் பதிப்பில் இயல்புநிலையில் அணைத்து, 7-ஆம் பதிப்பில் நீக்கிவிட்டது. முழு ஆப்ஜெக்டைச் சீரியலைஸ் செய்தால் ஓடும் நேரத்தில் அது பழைய தரவு. வேலை கிளாஸுக்கு ஐடியை மட்டும் கொடுத்து, ஓடும்போது புதிதாகப் படிக்கச் சொல்வதே பாதுகாப்பு.

கமாண்ட் கிளாஸ் பெயர் மாற்றச் சிக்கலை முழுதாகத் தீர்ப்பதில்லை. க்யூவில் எழுதப்படுவது இப்போது கிளாஸ் பெயர். கிளாஸை மறுபெயரிட்டுவிட்டு டிப்ளாய் செய்தால் பழைய வேலைகள் தடுமாறும். ஆனால் மாறக்கூடியது ஒரே இடம் என்பதால், பழைய பெயரில் ஒரு மெல்லிய கிளாஸை சில நாள் விட்டு வைக்கலாம், அல்லது சேமிப்புக்கென்று மாறாத ஒரு பெயரைக் கொடுக்கலாம். மெசேஜ் ஆப்ஜெக்டில் செயலியின் ஒவ்வொரு மெத்தடும் இப்படிச் சேமிப்பு வடிவமாகிவிடும். எதைத் தொட்டால் எது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது.

## ப்ராக்ஸி: பதிவுசெய்யும் வழி

தெரியாத மெத்தட் அழைப்பைப் பிடிக்கும் ரூபியின் மெத்தட்_மிஸ்ஸிங், ஜாவாவில் 1.3 பதிப்பில் வந்த டைனமிக் ப்ராக்ஸி, ஜாவாஸ்கிரிப்டில் 2015-ன் ப்ராக்ஸி. இவற்றை ஐந்தாவது தேர்வாக எண்ணிக் குழம்புபவர்கள் உண்டு. ப்ராக்ஸி அழைப்பை வைத்திருக்கும் வடிவம் ஆகாது. சாதாரண அழைப்பு போல எழுதியதைப் பிடித்து மெசேஜ் ஆப்ஜெக்டாக மாற்றித் தரும் வழி அது. உள்ளே என்ன வடிவம் என்பதை மேலே சொன்னவற்றிலிருந்து தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எழுதும் அழகு மயக்கும். ஆப்பிளின் அன்டூ மேனேஜர் இந்த வழியைத்தான் தந்தது: எதிர்ச்செயலை அதனிடம் சாதாரணமாக அழைத்தால், அது என்எஸ்இன்வொக்கேஷனாகப் பிடித்து அடுக்கிக்கொள்ளும். ஸ்விஃப்டில் என்எஸ்இன்வொக்கேஷனைப் பயன்படுத்த முடியாது. அங்கே குளோஷரை வாங்கும் வடிவம் அதன் இடத்தைப் பிடித்தது. டைப் சரிபார்ப்பை விரும்பும் மொழிகள் போகும் திசை அதுதான்.

எல்லாவற்றையும் பிடிக்கிறேன் என்று சொல்லும் ப்ராக்ஸி இரண்டு விதமாகத் தவறும். சிலவற்றைப் பிடிக்காமல் விடும்: ரூபியில் ஆப்ஜெக்ட் கிளாஸிலிருந்து வந்த மெத்தட்கள் மெத்தட்_மிஸ்ஸிங்குக்கு வரவே வராது. அதனால்தான் இத்தகைய ப்ராக்ஸியை, மெத்தட்கள் மிகக் குறைவாக உள்ள பேசிக்ஆப்ஜெக்டிலிருந்து எழுத வேண்டும். ரெஸ்பாண்ட்_டு_மிஸ்ஸிங்கையும் சேர்த்து எழுதாவிட்டால் "இந்த மெத்தட் உண்டா?" என்ற கேள்விக்கு இல்லை என்று பொய் சொல்லும். பைத்தானில் நீளம் கேட்பது, கூட்டல் குறி போன்றவை கிளாஸிலேயே தேடப்படுவதால் ஆப்ஜெக்டில் இல்லாத பெயர்களைப் பிடிக்கும் கெட்ஆட்டர் வழியே வராது.

பிடிக்கக் கூடாததையும் பிடிக்கும். ஜாவாஸ்கிரிப்டில் எந்தப் பெயரைக் கேட்டாலும் ஒரு ஃபங்ஷனைத் தரும் ப்ராக்ஸியை அவெய்ட் செய்து (முடிவு வரும்வரை காத்திருக்கச் சொல்லி) பாருங்கள். அவெய்ட் முதலில் அந்த ஆப்ஜெக்டில் தென் என்ற மெத்தட் உண்டா என்று பார்க்கிறது. ப்ராக்ஸி உண்டு என்கிறது. அது ப்ராமிஸ் (முடிவைப் பின்னால் தரும் ஆப்ஜெக்ட்) என்று நம்பி இரண்டு கால்பேக்குகளோடு தென்னை அழைக்கிறது. ப்ராக்ஸி அதையும் ஓர் அழைப்பாகக் கடமை தவறாமல் பதிவுசெய்துகொள்கிறது. கால்பேக்கை யாரும் அழைப்பதில்லை. எரர் இல்லை, லாக் இல்லை, அந்த வரி முடியவே முடியாது. ப்ராக்ஸி எழுதினால் தென்னுக்கு மட்டும் "இல்லை" என்று சொல்ல முதல் வரியிலேயே ஏற்பாடு செய்யுங்கள்.

இது பொருந்தும் இடங்கள் குறைவு, ஆனால் உண்டு: தொலை அழைப்பு கிளையன்ட், டெஸ்டுக்கான போலி ஆப்ஜெக்ட், வேறொரு ஆப்ஜெக்டுக்கு அப்படியே கடத்தும் உறை. இன்டர்ஃபேஸ் தெளிவாக வரையறுத்திருந்தால் இன்னும் பத்திரம். ஜாவாவின் டைனமிக் ப்ராக்ஸி இன்டர்ஃபேஸை மட்டுமே ஏற்கும். அந்தக் கட்டுப்பாட்டை நான் ஒரு நன்மையாகவே பார்க்கிறேன்.

## ஒரே பார்வையில்

| | குளோஷர் | கட்டிய மெத்தட் | மெசேஜ் | கமாண்ட் கிளாஸ் |
|---|---|---|---|---|
| உள்ளே தெரிகிறதா | இல்லை | ரிசீவரும் மெத்தடும் | எல்லாம் | எல்லாம், பொருளோடு |
| சேமிக்கலாமா | பெரும்பாலும் முடியாது | மொழியைப் பொறுத்து | முடியும், ஆபத்தோடு | முடியும் |
| மெத்தட் கட்டப்படுவது | ஓடும்போது | எடுக்கும்போதே | ஓடும்போது | ஓடும்போது |
| மறுபெயரிட்டால் | சேர்ந்து மாறும் | சேர்ந்து மாறும் | மாறாது | கோடில் மாறும், சேமித்ததில் மாறாது |
| எதிர்ச்செயல் | இன்னொரு குளோஷர் | கிடையாது | வெளியே எழுத வேண்டும் | உள்ளேயே |
| எழுதும் உழைப்பு | மிகக் குறைவு | மிகக் குறைவு | ஒருமுறை | ஒவ்வொரு செயலுக்கும் |

## உங்கள் இடம் எது

ஈவென்ட் அறிவிப்பு, பின்னால் நீக்க வேண்டியிருக்கும்: பைத்தானிலும் சி ஷார்ப்பிலும் கட்டிய மெத்தட். ஆயுளைக் கவனியுங்கள்.

ஒருமுறை ஓடி மறையும் கால்பேக்: குளோஷர்.

மேக்ரோ, தணிக்கைப் பதிவு, ஆராய்ந்து பார்க்கும் கருவிகள்: மெசேஜ். உள்ளே வரும் பெயர்கள் நீங்கள் எழுதியவையாக இருக்கட்டும்.

இரண்டு மூன்று செயல்களே உள்ள சிறு கருவியின் அன்டூ: செய், திரும்பப்பெறு என்று இரண்டு குளோஷர்களின் ஜோடி போதும். செயல்கள் பெருகி ஒன்றோடொன்று சேர வேண்டியபோது கமாண்ட்.

டிஸ்க்கையோ நெட்வொர்க்கையோ தாண்டும் எதுவும்: கமாண்ட் கிளாஸ், எளிய ஆர்குமென்ட்களோடு.

வேகம் உண்மையிலேயே உறுத்தினால், ஜாவாவில் 7-ஆம் பதிப்பின் மெத்தட்ஹேண்டிலைப் பாருங்கள். ஜாவா 18-ல் ரிஃப்ளெக்ஷனையே அதன்மேல்தான் மாற்றி எழுதியிருக்கிறார்கள். அதற்கு முன் அளந்து பாருங்கள், பெரும்பாலும் க்யூவும் டேட்டாபேஸும்தான் நேரத்தைத் தின்றுகொண்டிருக்கும்.

ஏற்கெனவே குளோஷர்களால் நிரம்பிய கோடை மாற்ற வேண்டியவர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் புரட்ட வேண்டாம். அழைப்பைப் பெறும் இடம் ஓட்டு என்ற ஒரு மெத்தடை மட்டும் எதிர்பார்க்கும்படி முதலில் மாற்றுங்கள். குளோஷரை உள்ளே வைத்து ஓட்டு என்பதைத் தரும் சிறு கிளாஸ் ஒன்றும், அதோடு ஒரு பெயரும் போதும். அன்றே லாகில் பெயர்கள் தெரியத் தொடங்கும். பிறகு சேமிக்கவோ சேர்க்கவோ வேண்டிய செயல்களை மட்டும் ஒவ்வொன்றாகச் சொந்த கிளாஸுக்கு நகர்த்துங்கள். மீதி குளோஷராகவே இருக்கட்டும்.